செருப்பு வைக்கும் இடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் நடத்துகிற டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘சாக்ஸ் டீச்சர்’. வெயில் மண்டையைப் பிளக்கட்டும், மழை கொட்டோ கொட்டென்று கொட்டட்டும், டீச்சர் காலில் சாம்பல் நிற சாக்ஸ் இருக்கும், அதற்கு மேல் மூடிய ஷூ. இருபது வருஷமாக அவளுடைய கணுக்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்த ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. கேட்டால் குளிர் ஒத்துக்காது என்பாள். சரி, குளிர் என்றே வைத்துக்கொள்வோம். கோடையிலுமா? யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் வராது, மற்ற டீச்சர்களுக்கோ அவரவர் காலைக் குனிந்து பார்க்கவே நேரமில்லை.

குடிமையியல் என்றாலே ஏழாம் வகுப்புக்குக் கொட்டாவி வரும். புத்தகத்தில் குடிமக்களின் கடமைகள் என்று ஒன்பது வரி இருக்கும், மூச்சு விடாமல் ஒப்பித்தால் மார்க். நம்ம டீச்சர் அந்தப் புத்தகத்தை முதல் வாரத்திலேயே ஓரங்கட்டிவிடுவாள். இரண்டு பெட்டி கலர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு முப்பத்தாறு பேரையும் பின்பக்கத்துத் தகரக் கூரை ஹாலுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். அங்கே சிமெண்டுத் தரை முழுக்க அவர்கள் ஊரை வரைய வேண்டும்.

பார்த்து வரையக் கூடாது, நடந்து வரைய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் அடியை எண்ணிக்கொண்டு வரணும். ஐம்பது அடிக்கு ஒரு சாண் கோடு. வரைந்து முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டின் மேல் குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட நடந்து காட்டணும். ஒரு பாதம் வைத்தால் ஐம்பது அடி. அந்த ஐம்பது அடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லணும். எரியாத விளக்கு, மூடாத குழி, நாய் துரத்துகிற முக்கு, எல்லாம். ஒரு தெரு படத்தில் நிலைக்க வேண்டுமானால் இரண்டு பேர் அதை நடந்து காட்டியாக வேண்டும், இருவர் கணக்கும் பத்தடிக்குள் ஒத்துப்போக வேண்டும். கடைசியில் எந்தத் தெருவுக்காக நகராட்சி ஆபீசில் போய் நிற்பது என்று கை தூக்கும்போது தன் தெருவுக்குத் தானே கை தூக்கக் கூடாது.

“அப்போ என் தெருவுக்கு யாரு பேசுவாங்க?” என்று வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் மூக்கைச் சிந்துவார்கள்.

“நீ போய் இன்னொருத்தனைக் கூட்டிட்டு வந்து காட்டு. அவன் பேசுவான்” என்பாள் டீச்சர்.

சும்மா விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வாயைப் பிளந்துகொண்டு கிடந்த குழிக்கு மூடி வந்தது இந்தப் படத்தால்தான். ஏழு பிள்ளைகள் ஆபீசுக்குப் போய், “பார்க்கலாம்” என்று சொன்ன கிளார்க்கிடம், “எப்போ சார்?” என்று மரியாதையாகக் கேட்டார்கள். நாலு தடவை கேட்டார்கள். பார்க்கலாம் என்பது பதிலே இல்லை, அதற்கு அடுத்த கேள்வி எப்போ என்பதுதான் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு டீச்சர் ஹாலின் படியில் தனியாக உட்கார்ந்துகொள்வாள். கூரையில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் நிறைய உண்டு. அது வழியாக இறங்கும் வெயில் சின்னச் சின்ன வட்டங்களாகத் தரையில் விழும். வெயில் சாயச் சாய வட்டங்களும் தெருத்தெருவாக நகரும். ஒன்று மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு போகும், ஒன்று சந்தையை நிதானமாகக் கடக்கும், ஒன்று தபாலாபீஸ் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கும். பாதி கண்ணை மூடிப் பார்த்தால் ஆட்கள் நடக்கிற மாதிரியே இருக்கும். டீச்சரும் கூடவே போவாள். உடம்பு படியில் இருக்கும், ஆள் ஊருக்குள் இருப்பாள். யாராவது பின்னால் வந்து கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழும்.

அந்த நடையெல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். தபாலாபீஸ் தெருவுக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவில் ஆறேழு சாண் நீளத்துக்கு ஒரு வெற்றிடம். ஒரு கோடு கிடையாது. பிள்ளைகள் படத்தில் ஏறுவதற்கு முன்னால் செருப்பையும் ஷூவையும் கழற்றிக் குவிக்கிற இடம் அது. யாரும் அங்கே வைக்கச் சொல்லவில்லை. காலியாக இருந்தது, வைத்தார்கள். பதினொரு வருஷமாக, பதினொரு வகுப்பும், அங்கேயேதான் வைத்தது.

டீச்சர் பிறந்தது அந்த இடத்தில்தான்.

சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே குடை பிடித்துக்கொண்டு வந்தால் ஒரு குடை மடங்கியாக வேண்டும். பட்டறைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் சந்தின் நடுவே ஓடும். அன்றைக்கு நூலுக்கு என்ன சாயமோ அதுதான் அன்றைக்குச் சந்தின் நிறம். விடியும்போது ஊதா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மஞ்சள். சின்ன வயசில் அவள் விடுகிற வெள்ளைக் காகிதக் கப்பல் சந்து முனை போய்ச் சேர்வதற்குள் சிவப்பாகிவிடும். உலகத்தில் எல்லாச் சாக்கடையும் இப்படித்தான் அழகாக ஓடும் என்று அவள் நம்பியிருந்தாள், பாவம்.

சந்துப் பிள்ளைகள் படிக்கப் போவது பட்டறைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. அங்கே சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சந்துப் பிள்ளைகளின் குதிகாலில் நிறம் ஏறிவிடும், தேய்த்தாலும் போகாது. காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் மற்றதுகளெல்லாம் கோரஸாகக் கேட்கும்: “இன்னைக்கு என்ன கலர்?” ஐந்து வருஷம் தினமும் அதைக் கேட்டாள். செங்கல்லால் குதிகாலைத் தேய்த்து ரத்தம் வந்த நாள் உண்டு. அப்புறம் அண்ணன் எங்கிருந்தோ ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கி வந்து கொடுத்தான். அன்றைக்கு மாட்டியதுதான்.

வேலைக்குச் சேரும்போது விண்ணப்பத்தில் முகவரி என்ற இடத்தில் பேனா தானாகவே தபாலாபீஸ் தெரு, பச்சைக் கேட் வீடு என்று எழுதியது. அது சித்தி அப்போது குடியிருந்த வீடு. சந்தின் வாய் அந்த வீட்டை ஒட்டித்தான் திறக்கும். பெரிய பொய்யா அது? முன்னூற்றுச் சொச்சம் அடிப் பொய். ஆனால் இருபது வருஷமாக அதைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறாள். இப்போது அவள் ஊரின் மறுகோடியில் இருக்கிறாள், அண்ணன் குடும்பம் சந்திலேயே இருக்கிறது. பார்க்கப் போனால் பட்டறையின் பின்பக்கமாகச் சுற்றிப் போய் வருவாள். ஊருக்கெல்லாம் வாயைத் திறந்து பேசு என்று சொல்லிக்கொடுக்கிறவள்! அதை நினைத்தால் அவளுக்கே அவள் மேல் எரிச்சலாக வரும். வந்து என்ன பண்ண, அடுத்த நாள் காலையில் கை தானாகச் சாக்ஸைத் தேடும்.

இந்த வருஷம்தான் வினை வந்தது. ஊருக்கு மூடி போட்ட வடிகால் கட்டப் போகிறார்கள். நகராட்சியின் பழைய வரைபடம் ஒன்றுக்கும் உதவாது என்று இன்ஜினியரம்மாவே தலையில் அடித்துக்கொண்டு, பிள்ளைகள் போடும் படத்தைப் பார்த்துத் தெருப்பட்டியலை முடிக்கப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருகிறார். அதில் இல்லாத தெருவுக்கு வடிகால் இல்லை.

புதன்கிழமை இடைவேளையில் அண்ணன் போன் செய்தான். அவன் பட்டறையில் தொட்டி மேஸ்திரி.

“என்ன டீச்சரம்மா, பிஸியா?”

“சொல்லுண்ணா.”

“உன் பிள்ளைங்க படத்தைப் பார்த்துத்தான் வடிகாலாமே. பட்டறை பூரா அதான் பேச்சு. அடேயப்பா, என் தங்கச்சி கையில ஊரே இருக்கு!”

“சும்மா இருண்ணா.”

“நம்ம சந்து அதுல இருக்குல்ல?”

டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார்கள்.

“என் சின்னவளுக்குக் கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது” என்றான் அண்ணன். “தண்ணியில காலை வைக்காதேங்கறாரு டாக்டர். வாசல்ல இறங்கினா தண்ணிதான். பறந்தா போவா?” சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

“பார்க்கலாம்ணா” என்றாள் டீச்சர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அண்ணன் “எப்போ?” என்று கேட்கவில்லை. அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. “சரி, பாரு” என்று வைத்துவிட்டான். டீச்சருக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே இன்னொன்று நடந்தது. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வகுப்பில் உண்டு. வாயில்லாப் பூச்சி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வரும். தன் வழியை வரைந்து முடித்து, தபாலாபீஸ் தெருவில் வீட்டைக் குறித்துவிட்டு ஓரமாக நின்றது. அந்தத் தெருவில் நிஜமாகவே குடியிருக்கிற ஒருவன் வகுப்பில் இருந்தான். விடிந்ததிலிருந்து ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

“டீச்சர், இவ காது குத்துறா! அந்த வீட்டுல டெய்லர்தான் இருக்காரு. அவருக்குப் பிள்ளையே கிடையாது.”

டீச்சர் எட்டிப் பார்த்தாள். பச்சை சாக்பீஸால் ஒரு கேட் வரைந்திருந்தது. அதே வீடு. அதே பச்சைக் கேட். சந்திலிருந்து வருகிற யாராக இருந்தாலும் முதலில் கண்ணில் படுகிற வீடு அதுதானே!

“எண்ணும்போது அடி தப்பியிருக்கும், விடுடா” என்று பூசி மெழுகினாள்.

ரேடியோ முணுமுணுத்துக்கொண்டே போனான். அந்தப் பெண் மட்டும் டீச்சரைப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து சாக்ஸைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் சாக்ஸை மேலே இழுத்து விட்டுக்கொண்டது. டீச்சருக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு, ஊர் முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. இரண்டு மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரை மேல் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுகிறவர் குரல்கூட எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் குனிந்து கடைசிக் கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியரம்மா காதில் ரகசியமாகச் சொல்லிவிட்டால் என்ன என்று டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால்? கேட்க மாட்டார். கேட்டால்? இப்படியே ஒரு மணி நேரம் போய்விடும், வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார், தப்பித்தோம் பிழைத்தோம் என்று வீட்டுக்குப் போகலாம். அண்ணன் ஒன்றும் கேட்க மாட்டான். அண்ணன் எப்போதும் ஒன்றும் கேட்க மாட்டான்.

ஆணி ஓட்டைகள் ஒழுக ஆரம்பித்தன. முதலில் சொட்டு, அப்புறம் சரம். வெயில் வட்டங்கள் விழுந்த அதே இடங்களில் தண்ணீர் விழுந்தது. மணிக்கூண்டின் மஞ்சள் கரைந்தது, சந்தையின் சிவப்பு கரைந்தது, குளத்து நீலம் கரைந்தது. எல்லாம் சேர்ந்து, தரை பள்ளமாக இருந்த பக்கம் மெல்ல ஓடி வந்து, செருப்புக் குவியலுக்குள் புகுந்தது. ஊதா, மஞ்சள், அப்புறம் சிவப்பு. டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு வெள்ளைக் காகிதக் கப்பல் வந்தாலும் அவள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

“ஐயோ, என் ஷூ!” என்று கத்தினான் ரேடியோ. “சாயச் சந்து மாதிரி ஆயிடுச்சு பாருங்கடா!”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

“எது மாதிரி?” என்றாள் டீச்சர். அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

“சாயச் சந்து டீச்சர். பட்டறைக்குப் பின்னாடி.”

“அது எங்கே இருக்கு, படத்துல?”

ரேடியோ தலையைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். “அது... தெருவெல்லாம் இல்ல டீச்சர்.”

“அங்கே யாரும் இல்லையா?”

“இருப்பாங்க. ஆனா நாங்க யாரும் போனதில்ல.”

“யாராவது போயிருக்கீங்களா?” டீச்சர் எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டாள். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அது அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

“நான் நடந்திருக்கேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வாயில்லாப் பூச்சிக்கு வாய் இருந்தது. முப்பத்தைந்து தலைகளும் திரும்பின. அந்தப் பெண் கையை முழுசாகக்கூடத் தூக்கவில்லை, காதுவரைக்கும்தான் தூக்கியிருந்தது. ஆனால் கை இறங்கவில்லை.

“என் வீடு அங்கேதான் இருக்கு, சந்துக் கடைசியில. பச்சைக் கேட்டுலேர்ந்து முன்னூத்திப் பதினாறு அடி.”

ரேடியோவுக்கு எப்போது பேச்சு வராமல் இருந்திருக்கிறது? அவன் கேலி செய்யவில்லை, சட்டம்தான் பேசினான். “ஒருத்தர் போதாதே. ரெண்டு பேர் நடந்திருக்கணும். டீச்சர், நீங்கதானே சொன்னீங்க?”

அந்தப் பெண்ணின் கை மெதுவாக இறங்கத் தொடங்கியது.

கை முழுசாக இறங்குவதற்குள் டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டாள். வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். இடது ஷூ முடிச்சு விழுந்துகொண்டது, அவசரத்தில் அப்படித்தான் விழும். அதை இழுத்துக் கழற்றினாள். அப்புறம் சாக்ஸ். இருபது வருஷ ரகசியத்தைப் பார்க்கப் பின்வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது.

“செருப்பையெல்லாம் எடுங்க” என்றாள்.

எடுத்தார்கள். ஈரச் சிமெண்டு வெறுமையாகக் கிடந்தது. டீச்சர் பச்சைக் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று முதல் பாதத்தை வைத்தாள். தரை சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு அவள் காலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“முதல் அம்பது அடி. சந்து வாய். ஒரு கல் தூண் இருக்கு, அதைத் தாண்டி வண்டி வராது.” அடுத்த பாதம். “குழாயடி. ஒரே குழாய், பதினாலு வீட்டுக்கு.” அடுத்தது. “இங்கே சாக்கடைக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டிருப்பாங்க. அதுல ஏறித்தான் அந்தப் பக்கம் போகணும்.”

“இப்போ பலகை இல்லை டீச்சர்” என்றது அந்தப் பெண். “தண்ணி அடிச்சுட்டுப் போயிடுச்சு. தாண்டணும். சின்னப் பிள்ளைங்க விழுந்துடும்.”

“பலகை இல்லை” என்று டீச்சர் திருத்திக்கொண்டாள். அவளுக்குக் கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஆறாவது பாதத்தில் நின்றாள். அதற்கு முன்னால் கால்வாசிப் பாதம் மிச்சம் இருந்தது. “இது எங்க வீடு, சந்துக் கடைசி. என் அண்ணன் இப்பவும் இங்கேதான் இருக்காரு. உங்க வயசுல நான் எண்ணினது முன்னூத்திப் பதினாலு.”

“ரெண்டுதான் வித்தியாசம்!” என்றான் ரேடியோ. “பத்துக்குள்ள! செல்லும்!”

அந்தப் பெண் கிட்டே வந்து குனிந்து டீச்சரின் கால்களையே பார்த்தது. வெயிலே படாமல் வெளுத்துப்போன, சாதாரண இரண்டு கால். பழைய நிறமெல்லாம் எந்தக் காலத்திலோ போயிருந்தது. “உங்க கால்ல ஒண்ணுமே இல்லையே டீச்சர்” என்றது.

இல்லைதான். டீச்சருக்கே அப்போதுதான் தெரிகிற மாதிரி இருந்தது. இல்லாத ஒன்றை இருபது வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள்.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து தன்னுடைய நாலு சாக்ஸையும் ஒவ்வொன்றாகக் கழற்றியது. ரேடியோ சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். குதிகாலைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பிறகு கேட்டான்:

“இன்னைக்கு என்ன கலர்?”

டீச்சர் அதட்ட வாயைத் திறந்துவிட்டாள். ஆனால் அவன் முகத்தில் விஷமம் எதுவும் இல்லை. சந்தில் ஓடுகிற தண்ணீரைப் படத்தில் எந்த சாக்பீஸால் போடுவது என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“காலையில நீலம்” என்றது அந்தப் பெண். “சாயங்காலம் சிவப்பு விடுவாங்க.”

“ரெண்டையும் போட்டுடலாம்” என்று அவன் இரண்டு துண்டுகளை எடுத்தான்.

மற்ற பிள்ளைகள் கரைந்துபோன கோடுகளை மறுபடி போட்டு முடித்தார்கள். மழை விட்டபோது இன்ஜினியரம்மா குடையை உதறிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படம் முழுக்க நடந்தார். நீலமும் சிவப்புமாக இருந்த கோட்டுக்கு வந்ததும் கையிலிருந்த காகிதத்தை விரித்துப் பார்த்தார். அதில் அந்த இடம் பட்டறையின் பின்புறக் காலிமனை என்று இருந்தது.

“இங்கே எத்தனை வீடு?” என்று கேட்டார்.

“பதினாலு” என்றாள் டீச்சர்.

“பத்தொன்பது” என்றது அந்தப் பெண். “நாலு வீட்டுல தண்ணி உள்ளேயே வரும்.”

இன்ஜினியரம்மா எழுதிக்கொண்டார். “பெரியவங்க யாராவது கூட வந்து காட்டினா இன்னைக்கே அளந்துடுவேன். இருக்காங்களா?”

டீச்சர் எல்லோர் முன்னிலையிலும் போனை எடுத்தாள். “அண்ணா, உடனே பள்ளிக்கூடத்துக்கு வா.”

“பள்ளிக்கூடத்துக்கா? நானா?” மறுமுனையில் தொட்டியில் நூல் முங்குகிற சத்தம் கேட்டது. “இரு, கையைக் கழுவிட்டு வரேன். முழங்கை வரைக்கும் சிவப்பு.”

“கழுவாதே. அப்படியே வா.”

“சரி” என்றான்.

ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தங்கை வேலை பார்க்கிற கட்டடத்துக்குள் வந்தவன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஹால் வாசலில் எல்லோரும் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்துவிட்டு, நீலமும் சிவப்புமாக ஈரம் காயாமல் கிடந்த அந்த இடத்தை நோக்கிக் குனிந்தான்.

“அங்கே வைக்காதீங்க மாமா” என்று அந்தப் பெண் ஓடி வந்து தடுத்தது. “அது நம்ம தெரு.”